கப்பலூரில் ஒரு கப்பல் கணக்கு

கப்பலூருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். மதுரைக்குப் பக்கத்தில் டோல்கேட்டும் சிட்கோ தொழிற்பேட்டையும் இருக்கிற ஊர். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் தூத்துக்குடிக்கு பஸ் ஏற வேண்டும். இந்தக் கப்பலூரில்தான் என் அக்கா வீட்டுக்காரர் அலுமினியம் உருக்கும் பட்டறை நடத்துகிறார். நான் எல்என்ஜி, அதாவது திரவமாக்கிய இயற்கை எரிவாயு, ஏற்றும் கப்பல்களில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவன். கடைசி ஐந்து வருடம், திரவ எரிவாயுவைக் கப்பலிலேயே மறுபடி வாயுவாக்கிக் கரைக்கு அனுப்பும் எஃப்எஸ்ஆர்யூ கப்பலில்; மிதக்கும் முனையம் என்பது இதைத்தான். "கப்பலூர்க்காரன் நான், கப்பல்காரன் நீ" என்பது மச்சான் எனக்குச் சொல்லும் ஒரே ஜோக். வருடத்துக்கு இரண்டு முறையாவது வரும்.

இந்த முறை லீவில் வந்தபோது ஜோக்கோடு ஒரு பேப்பரும் வந்தது. ஒரு நிறுவனம் கொடுத்த விலைப்புள்ளி. பட்டறையில் இப்போது எல்பிஜி எரிகிறது, இரண்டு ஷிப்டுக்கும் சேர்த்து நாளைக்கு ஒரு டன்னுக்கு மேல். அதற்குப் பதில் எண்ணூரிலிருந்து டேங்கர் லாரியில் எல்என்ஜி கொண்டுவந்து, பட்டறை வளாகத்திலேயே ஒரு தொட்டி வைத்து, அங்கேயே வாயுவாக்கி உலைக்குக் கொடுக்கிறோம் என்கிறார்கள். ஒரு லாரியில் 17 டன் போல வரும், பத்துப் பன்னிரண்டு நாள் ஓடும். விலைப்புள்ளி கொடுத்த தம்பி பேச்சுவாக்கில், "இனி எல்லா இடத்திலும் மிதக்கும் முனையம் வந்துரும் சார், கேஸ் தண்ணி மாதிரி கிடைக்கும்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

மச்சானுக்கு அந்தத் 'தண்ணி மாதிரி'தான் இடித்திருக்கிறது. வாரம் ஒரு முறை குழாயில் தண்ணீர் வரும் தெருவில் வளர்ந்தவர் அவர்.

"மாப்ள, கப்பல் நின்னா என் உலை நிக்குமா? அதை மட்டும் சொல்லு."

ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. நான் கண்ட ஒரு கோளாறையும், உலகமே செய்தியில் படித்த ஒன்றையும் வைத்து அவருக்காக எழுதிக் கொடுத்ததைத்தான் கொஞ்சம் திருத்தி இங்கே போடுகிறேன்.

கப்பலுக்குள் நடப்பது

மீத்தேனை மைனஸ் 162 டிகிரி வரை குளிர வைத்தால் திரவமாகிவிடும். நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. அளவு கிட்டத்தட்ட அறுநூறில் ஒரு பங்காகச் சுருங்கும். அதனால்தான் கப்பலில் ஏற்றவே முடிகிறது. 1959-இல் 'மீத்தேன் பயனியர்' என்ற கப்பல் அமெரிக்காவின் லூசியானாவிலிருந்து இங்கிலாந்தின் கேன்வி தீவுக்கு முதல் சரக்கைக் கொண்டுபோனது. அன்றிலிருந்து நாற்பத்தைந்து வருடம் ஒரே முறைதான்: கப்பல் திரவத்தைக் கொண்டுவந்து இறக்கும், கரையில் இருக்கும் பெரிய முனையம் அதைத் தொட்டியில் வைத்துக்கொண்டு வாயுவாக்கும்.

2005-இல் அது மாறியது. 'எக்செல்சியர்' என்ற கப்பல் மெக்சிகோ வளைகுடாவில், கரைக்கு நூறு மைலுக்கு அப்பால், கடலுக்கடியில் இருந்த ஒரு மிதவையோடு இணைத்துக்கொண்டு, தானே திரவத்தை வாயுவாக்கிக் குழாயில் அனுப்பியது. ஆவின் பால் வண்டி பூத்துக்குப் பாலை இறக்காமல் தானே பூத்தாக நின்றுவிட்டால் எப்படி இருக்கும், அதுதான். பிறகு பெரும்பாலும் இந்தக் கப்பல்கள் ஒரே இடத்தில் கட்டி நின்றன. மற்ற கப்பல்கள் வந்து பக்கத்தில் அணைந்து சரக்கை ஊற்றிவிட்டுப் போகும். பழைய எல்என்ஜி கப்பல்களையும் மாற்றியமைத்தார்கள். 1981-இல் கட்டிய 'கோலார் ஸ்பிரிட்' இப்படி மாறி, பிரேசிலின் பெசெம் துறைமுகத்தில் நின்றது.

உள்ளே வேலை மூன்று கட்டம். தொட்டியிலிருக்கும் பம்பு திரவத்தைத் தூக்கும். அடுத்து பூஸ்டர் பம்பு அதை எண்பது, நூறு பார் அழுத்தத்துக்கு ஏற்றும். இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. வாயுவாக்கிய பிறகு அழுத்துவதில்லை, திரவமாக இருக்கும்போதே அழுத்திவிடுகிறோம். கிணற்று மோட்டார் தண்ணீரை ஏற்றுவதற்கும் பஞ்சர் கடை கம்ப்ரஸர் காற்றை அடைப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். திரவம் சுருங்காது, மின்சாரம் கொஞ்சம்தான் செலவாகும். அழுத்திய திரவம் ஆவியாக்கிக்குள் போய், சூடு வாங்கி, வாயுவாகி வெளியே வரும்.

அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? கடலிலிருந்து. 28 டிகிரி கடல் தண்ணீர் நமக்குக் குளிர்ச்சி. மைனஸ் 162-இல் இருப்பதற்கு அது அடுப்பு. எங்கள் கப்பலில் கடல் தண்ணீர் நேரடியாகத் திரவத்தைத் தொடாது. நடுவில் கிளைக்கால் (எளிதில் உறையாமல் இருக்கச் சேர்க்கும் திரவம்) கலந்த தண்ணீர் ஒரு வட்டத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். கடல் அதைச் சூடாக்கும், அது எல்என்ஜியைச் சூடாக்கும். குளிர் நாடுகளில் கடல் தண்ணீர் போதாமல் பாய்லர் போட்டுச் சூடாக்குவார்கள், அதற்கே அனுப்பும் வாயுவில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு எரிந்துபோகும். வெப்பக் கடலில் அந்தச் செலவு இல்லை. கடல் இலவசம். இலவசம் என்பதால் அதை யாரும் கவனிப்பதும் இல்லை; எங்கள் கதை அங்கேதான் தொடங்குகிறது.

முதல் நிகழ்வு: ஒரு கேஸ்கட்

கப்பல் பெயரும் துறைமுகமும் வேண்டாம். வெப்பக் கடல், ஜெட்டியில் கட்டி நின்ற கப்பல், நான் கேஸ் என்ஜினியர். மூன்று ஆவியாக்கி வரிசைகளில் இரண்டு ஓடிக்கொண்டிருந்தன, மூன்றாவது தயாரில்.

இரவு 2.40. கடல் தண்ணீர் பம்பின் உறிஞ்சும் பக்கத்து அழுத்தம் இறங்குகிறது என்று அலாரம். திரையைப் பார்த்தால் கடல் தண்ணீர் ஓட்டம் கண்ணெதிரே குறைந்துகொண்டிருக்கிறது. கிளைக்கால் வட்டத்தின் வெப்பம் 22-லிருந்து இறங்கி 17, 15 என்று போகிறது. நான் அனுப்பும் அளவைக் குறைத்தேன். குறைக்கக் குறைக்க ஓட்டமும் கூடவே குறைந்தது. வெளியேறும் வாயுவின் வெப்பம் அடிமட்ட எல்லையைத் தொட்டதும் முதல் வரிசை தானாக நின்றது. மூன்றாவதை ஓட்டலாம் என்று கை போனது, ஆனால் அதற்கும் அதே கடல் தண்ணீர்தானே? 2.58-க்கு இரண்டாவதும் நின்றது. பதினெட்டு நிமிடத்தில் கரைக்குப் போகும் வாயு பூஜ்யம்.

தானாக நிற்பதில் ஒரு நியாயம் உண்டு. சூடு வாங்கும் பக்கம் ஓட்டம் நின்றுவிட்டு, குளிர்ந்த திரவம் மட்டும் உள்ளே வந்துகொண்டிருந்தால், ஆவியாக்கிக் குழாய்களுக்குள் இருக்கும் தண்ணீர் உறைந்து விரிந்து குழாயைப் பிளந்துவிடும். பிளந்தால் மணிக்கணக்கு இல்லை, மாதக்கணக்கு. அதனால் இயந்திரம் யாரையும் கேட்காமல் நின்றுவிடும். நிற்க வேண்டியதுதான்.

கரைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து போன் வந்தது. "எவ்வளவு நேரம்?" என்றார்கள். "இரண்டு மணி" என்றேன். எந்த அடிப்படையில் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது. கரையில் நீண்ட குழாய்க்குள் அழுத்தத்தோடு அடைந்து நிற்கும் வாயு கொஞ்ச நேரம் தாங்கும். வீட்டு மாடித் தொட்டியில் இருக்கும் தண்ணீர் மாதிரி. அதை நம்பித்தான் எல்லோரும் மூச்சு விடுகிறோம்.

கடல் தண்ணீர் உள்ளே வரும் இடத்தில் வாளி போன்ற ஒரு பெரிய சல்லடை வடிகட்டி இருக்கும். அதைத் திறந்தோம். உள்ளே முழுக்க ஜெல்லி மீன். நம் கடற்கரையில் சொறிமுட்டை என்பார்கள். தோல் சீவிய நுங்கை மூட்டை மூட்டையாக அடைத்து மிதித்துத் திணித்தது போல, வழவழவென்று, பம்பின் இழுப்பில் சல்லடைக் கண்களுக்குள் பாதி பிதுங்கிப்போய். நடுவே கிழிந்த அரிசிச் சாக்கு ஒன்று. வாளி வாளியாக அள்ளினோம். அந்த நாற்றம் பாய்லர் சூட்டில் மூன்று நாள் இயந்திர அறையை விட்டுப் போகவில்லை.

சரி, வடிகட்டி அடைத்தால் என்ன, இரட்டை வடிகட்டிதானே? ஒன்று அடைத்தால் மற்றதற்கு மாற்றினால் முடிந்தது. அதற்காகத்தான் இரண்டு வைக்கிறார்கள்.

மற்றது ஓடும் நிலையில் இல்லை. ஒன்பது நாள் முன்னால் சுத்தம் செய்யத் திறந்திருக்கிறார்கள். மூடியின் கேஸ்கட் கிழிந்திருந்தது, ஸ்டோரில் அந்த அளவில் கேஸ்கட் இல்லை. கரைக்கு எழுதிப் போட்டுவிட்டு, மூடியை ஒப்புக்கு வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். வேலைத்தாளில் 'பொருள் எதிர்பார்ப்பில்' என்று எழுதியிருக்கிறது. ஷிப்ட் மாறும்போது படிக்கும் தாளில் அது இல்லை. கட்டுப்பாட்டு அறைத் திரையில் இரண்டு வடிகட்டியும் பச்சை.

இன்னொன்றும் இருக்கிறது, அது என் கணக்கு. வடிகட்டியின் இரு பக்க அழுத்த வித்தியாசம் கூடினால் ஒரு அலாரம் அடிக்கும். அது நான்கு இரவாக அடித்துக்கொண்டிருந்தது. அந்த அளவுமானி சரியாகக் காட்டுவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும் என்பதால், அடித்த உடனே பட்டனைத் தட்டி அடக்குவது பழக்கமாகிவிட்டது. அன்றிரவு 1.50-க்கு அடித்தபோதும் அடக்கியது யார் என்று பதிவேட்டில் பார்த்தார்கள். என் பெயர். ஐம்பது நிமிடம் கையில் இருந்தது.

ஓட்டம் திரும்பிய பிறகும் உடனே ஓட்ட முடியாது. நின்றுபோன பம்பையும் குழாய்களையும் மெதுவாகக் குளிரப் பழக்கித்தான் திரவத்தை விட வேண்டும். அதற்குள் இன்னொரு தலைவலி. தொட்டிக்குள் திரவம் எப்போதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொதித்து ஆவியாகிக்கொண்டே இருக்கும். கரைக்கு அனுப்பிக்கொண்டிருக்கும்போது அந்த ஆவியை மறுபடி திரவத்தில் கரைத்து அனுப்பிவிடுவோம். அனுப்புவது நின்றால் அதற்குப் போக்கிடம் இல்லை, தொட்டி அழுத்தம் ஏறும். கப்பல் என்ஜின் தின்ன முடிந்ததைத் தின்றது, மிச்சத்தை எரிப்பானில் விட்டோம். கரையில் மின் நிலையம் வாயுவுக்குக் காத்திருக்கிறது, நாங்கள் இங்கே அதே வாயுவை எரித்து வானத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம். மச்சானிடம் இதைச் சொன்னபோது, "உனக்கு நின்னா கொதிக்குது, எனக்கு நின்னா உறையுது" என்றார். அவர் உலையில் 660 டிகிரிக்குக் கீழே போனால் அலுமினியம் கட்டியாகிவிடும். அதற்கப்புறம் கடப்பாரைதான்.

இரண்டு மணி நேரம் என்று சொன்னது ஐந்தரை மணி நேரமானது.

அறிக்கையில் காரணம் என்று 'ஜெல்லி மீன் வரத்து' போட்டார்கள். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. ஜெல்லி மீன் கடலில் இருக்கும், அது அதன் வீடு. காரணம் ஒரு கேஸ்கட். அதோடு, கேஸ்கட் இல்லை என்கிற சேதி படிக்க வேண்டியவன் கண்ணில் படாமல் போனது. அந்த அளவுமானியை அப்புறம் மாற்றினார்கள். மாற்ற ஆன நேரம் நாற்பது நிமிடம்.

இரண்டாவது நிகழ்வு: மகேஷ்காளி

முதலாவது கப்பலுக்குள் நடந்தது. கப்பலே போய்விட்டால்? அதற்கு வங்காளதேசத்தைப் பார்க்க வேண்டும்.

காக்ஸ் பஜாருக்கு அருகே மகேஷ்காளி தீவை ஒட்டிய கடலில் இரண்டு எஃப்எஸ்ஆர்யூ கப்பல்கள் நிற்கின்றன. முதலாவது 2018-இல் வேலையைத் தொடங்கியது, இரண்டாவது 2019-இல். ஒவ்வொன்றும் நாளைக்கு 50 கோடி கன அடி வாயு அனுப்பும் திறனில் அமைந்தவை. இவை துறைமுகத்தில் கட்டியவை அல்ல, நடுக்கடலில் நிற்பவை. கப்பலின் அடிவயிற்றில் ஒரு குழி. கடலுக்குள்ளிருந்து ஒரு மிதவை எழும்பி அதில் பொருந்திக்கொள்ளும். நங்கூரமும் வாயுக் குழாயும் அந்த மிதவையோடுதான். காற்று திரும்பினால் கப்பலும் அதைச் சுற்றித் திரும்பும், செக்கு மாடு மாதிரி. தேவைப்பட்டால் மிதவையைக் கழற்றி விட்டுவிட்டுக் கப்பல் போய்விடலாம். இந்த வசதிதான் இதன் அழகு.

ஒவ்வொன்றின் கொள்ளளவும் சுமார் 1,38,000 கன மீட்டர். அறுநூறால் பெருக்கி, கன அடிக்கு மாற்றி (ஒரு கன மீட்டர் சுமார் 35 கன அடி), ஒரு நாளில் அனுப்பும் அளவால் வகுத்துப் பாருங்கள்: கிட்டத்தட்ட ஆறு நாள் சரக்கு. ஆக, முழு வேகத்தில் ஓடினால் ஆறு நாளைக்குள் இன்னொரு கப்பல் வந்து ஊற்றியாக வேண்டும். கடல் கொந்தளித்தால் ஊற்ற முடியாது. பேப்பரில் இருக்கும் திறன் வேறு, மழைக்காலத்துத் திறன் வேறு.

2023 மே மாதம் 'மோக்கா' புயல் வந்தபோது இரண்டு கப்பல்களும் கழற்றிக்கொண்டு ஆழ்கடலுக்குப் போயின. விதிப்படி சரியான முடிவு. ஆனால் சிட்டகாங் பகுதி முழுக்க எல்என்ஜி வாயுவையே நம்பி இருந்தது. வீடுகளில் அடுப்பு எரியவில்லை, சிஎன்ஜி நிலையங்களில் வரிசை நின்றது. புயல் அந்த ஊரை நேராகத் தாக்கவே இல்லை. கப்பல் ஒதுங்கியதே போதுமானதாக இருந்தது.

2024 மே கடைசியில் 'ரெமால்'. இம்முறை புயலில் அடித்துக்கொண்டு வந்த பெரிய இரும்பு மிதவைத் தளம் ஒன்று இரண்டு கப்பல்களில் ஒன்றின் மேல் மோதியது. கப்பல் நிலையாக நிற்கக் கடல் தண்ணீர் நிரப்பும் அடித்தண்ணீர்த் தொட்டிப் பக்கம் சேதம். அதைச் சரிசெய்யக் கப்பல் சிங்கப்பூர் உலர்துறைக்குப் போக வேண்டியதாயிற்று. கவனியுங்கள், வாயுத் தொட்டிக்கு ஒன்றும் இல்லை, ஆவியாக்கிகளுக்கு ஒன்றும் இல்லை. அடிபட்டது வெறும் கப்பல் பாகம். ஆனால் கப்பல் பாகம் போனால் முனையமே எழுந்து ரிப்பேருக்குப் போய்விடுகிறது. கரை முனையத்தில் சுற்றுச்சுவர் இடிந்தால் ஆவியாக்கியைக் கழற்றிச் சிங்கப்பூருக்கு அனுப்ப மாட்டார்கள்.

ஜூலையில் கப்பல் திரும்பி வந்தது. வந்து மிதவையோடு கோத்துக் கட்டப் போனால் அந்த இணைப்பில் சிக்கல். மறுபடி வாரக்கணக்கில் தாமதம். வாயு அனுப்பத் தொடங்கும்போது செப்டம்பர் ஆகிவிட்டது. மேயிலிருந்து செப்டம்பர் வரை, நாட்டின் எல்என்ஜி வழியில் பாதி அடைபட்டுக் கிடந்தது. வாங்கி வைத்த சரக்குகளைத் தள்ளிப்போட்டார்கள், ரத்து செய்தார்கள். மின்வெட்டு, உரத் தொழிற்சாலைகளுக்கு வாயு வெட்டு.

இதில் யாரும் பெரிய தப்பு எதுவும் செய்யவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. என் கேஸ்கட் கதையிலாவது திட்டுவதற்கு ஆள் இருக்கிறது, நானே இருக்கிறேன். இங்கே இரண்டு கப்பல், ஒரே கடல், ஒரே புயல் பாதை. ஒன்றுக்கு மற்றொன்று மாற்று என்று வைத்தவை ஒரே புயலுக்கு ஒன்றாக ஒதுங்கின.

வங்காள விரிகுடா நமக்கும் அதே விரிகுடாதான். 2018 நவம்பரில் கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறி, உள்நாட்டில் திண்டுக்கல், கொடைக்கானல் வரை மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அன்றைக்கு அந்தக் கரையில் ஒரு எஃப்எஸ்ஆர்யூ நின்றிருந்தால் அது கழற்றிக்கொண்டு போயிருக்கும். நானே அதில் இருந்தாலும் போகத்தான் சொல்லியிருப்பேன்.

போகிற கப்பல் எங்கே போகும்

கழற்றிக்கொண்டு போகலாம் என்பதற்கு இன்னொரு முகமும் இருக்கிறது. கட்டணம் அதிகம் கொடுப்பவரிடம் போகலாம்.

மகாராஷ்டிரத்தின் ஜெய்கட் துறைமுகத்துக்கு 2021 ஏப்ரலில் 'ஹோக் ஜயன்ட்' வந்தது. இந்தியாவுக்கு வந்த முதல் எஃப்எஸ்ஆர்யூ என்று பெரிதாகச் செய்தி வந்தது. முனையம் வணிக ரீதியாக ஓடவே இல்லை, ஒப்பந்தம் முறிந்தது, கப்பல் கிளம்பிவிட்டது. கரை முனையம் ஓடாவிட்டால் அது அங்கேயே நின்று துருப்பிடிக்கும், என்றாவது ஓட்டலாம். கொச்சி அப்படித்தான். 2013-இல் திறந்தும் குழாய்வழி இல்லாமல் வருடக்கணக்கில் திறனில் சொற்பமே ஓடியது. நம் கொங்கு விவசாயிகள் குழாய்க்கு நிலம் தர மறுத்து நடத்திய போராட்டமும் அதில் ஒரு காரணம். 2021 ஜனவரியில் மங்களூரு வரை குழாய் வந்த பிறகு மூச்சு வந்தது. கொச்சி எட்டு வருடம் காத்திருந்தது. கப்பலாக இருந்திருந்தால் காத்திருக்காது.

இதை வெறும் குறையாகச் சொல்லக் கூடாது. லிதுவேனியா ஒரே ஒரு ரஷ்ய நிறுவனத்திடம் வாயு வாங்கிக்கொண்டிருந்த சின்ன நாடு. கிளைபேடா துறைமுகத்துக்கு 'இண்டிபென்டன்ஸ்' என்று பெயர் வைத்த எஃப்எஸ்ஆர்யூ 2014 அக்டோபரில் வந்தது. அது வருவதற்கு முன்பே, வரப்போகிறது என்கிற சேதிக்கே, அந்த நிறுவனம் விலையைக் குறைத்தது. பேரம் பேசப் போகும்போது பக்கத்துக் கடையைத் திரும்பிப் பார்ப்பது மாதிரி.

2022-இல் ஜெர்மனி. ஒரு எல்என்ஜி முனையம்கூட இல்லாத நாடு. உக்ரைன் போர் தொடங்கி, ரஷ்யக் குழாயை இனி நம்ப முடியாது என்றானதும், வில்ஹெல்ம்ஸ்ஹாவெனில் பத்தே மாதத்தில் ஜெட்டியும் குழாயும் போட்டு டிசம்பரில் கப்பலைக் கட்டிவிட்டார்கள். கரை முனையம் என்றால் நான்கைந்து வருடம். பொறியாளனாக அதைப் பார்த்துக் கைதட்டினேன். ஆனால் அந்த வருடமே ஐரோப்பா கொடுத்த விலைக்குச் சரக்குகள் அங்கிட்டுத் திரும்பின. ஆசியாவின் உடனடிச் சந்தை விலை, எம்எம்பிடியூ என்ற வெப்ப அலகு ஒன்றுக்கு, ஒரு கட்டத்தில் எழுபது டாலரைத் தொட்டது, பத்து டாலருக்குள் வாங்கிப் பழகியவர்களுக்கு. பாகிஸ்தானும் வங்காளதேசமும் தங்கள் மிதக்கும் முனையங்களுக்கு உடனடிச் சந்தையில் சரக்கு வாங்க முடியாமல் மின்வெட்டில் கிடந்தன. இந்தியா இறக்குமதியைக் குறைத்துக்கொண்டது. நம் நிறுவனம் ஒன்றுக்கே, ரஷ்ய நிறுவனத்தின் பழைய ஜெர்மன் கிளையிலிருந்து நீண்டகால ஒப்பந்தப்படி வர வேண்டிய சரக்குகள் வரவில்லை.

அதாவது, கப்பலூரிலிருந்து கடல் எவ்வளவு தூரமோ அது ஒரு பொருட்டே இல்லை. வில்ஹெல்ம்ஸ்ஹாவெனில் ஒரு கப்பல் வந்து கட்டியது மச்சானின் விலைப்புள்ளியில் ஒரு வரியைத் தொடும்.

மச்சானின் உலைக்கு வந்தால்

எண்ணூர் முனையம் கப்பல் அல்ல, கரையில் இருப்பது. 2019 மார்ச்சில் நாட்டுக்கு அர்ப்பணித்தார்கள், செலவு 5,000 கோடி ரூபாய்க்கு மேல், வருடத்துக்கு 50 லட்சம் டன் திறன், ஒவ்வொன்றும் 1,80,000 கன மீட்டர் கொள்ளும் இரண்டு தொட்டிகள். புயல் வந்தால் கப்பல்கள் சில நாள் வராமல் போகலாம். தொட்டிகள் எங்கேயும் போகாது. ஆகவே "கப்பல் நின்னா உலை நிக்குமா" என்றால், ஒரு வாரத்துக்கு நிற்காது. எண்ணூருக்கும் கப்பலூருக்கும் நடுவே உள்ள ஐந்நூறு கிலோமீட்டர் ரோடுதான் முதலில் நிற்கும்: சென்னையில் வெள்ளம், லாரி ஸ்டிரைக், ஏதாவது ஒன்று.

எண்ணூரிலிருந்து நாகப்பட்டினம், மதுரை, தூத்துக்குடி என்று குழாய்வழித் திட்டம் இருக்கிறது. அதில் இராமநாதபுரம்-தூத்துக்குடிப் பகுதி 143 கிலோமீட்டர், 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். குழாய் பட்டறை வாசலுக்கு வரும் நாள் வேறு கணக்கு. இப்போதைக்கு லாரிதான்.

விலைப்புள்ளியில் எனக்குப் பிடிக்காத இரண்டு இடங்களைப் பேனாவால் வட்டமிட்டேன். ஒன்று, குறைந்தபட்ச அளவு: எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் மாதத்துக்கு இத்தனை டன்னுக்குப் பணம். இரண்டு, தவிர்க்க முடியாத நிகழ்வு என்கிற பத்தி: முனையத்தில் கோளாறு, கப்பல் தாமதம், புயல் எதுவானாலும் விற்பவர் பொறுப்பில்லை. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். அவர்களால் கொடுக்க முடியாத மாதத்திலும் இவர் கட்ட வேண்டி வரலாம். சப்ளை நின்ற நாளுக்கு ஏற்பக் குறைந்தபட்ச அளவும் குறையும் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். அந்தத் தம்பி முதலில் முகத்தைச் சுளித்தார், மூன்று நாள் கழித்து ஒத்துக்கொண்டார்.

அப்புறம் மாற்று எரிபொருள். "எல்பிஜி சிலிண்டர் அப்படியே கிடக்குமே, நின்னா அதைத் திறந்து விட்டுக்கலாம்" என்றார் மச்சான். விட முடியாது. ஒரே கன அளவில் எல்பிஜி இயற்கை எரிவாயுவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் சூடு கொடுக்கும். இயற்கை எரிவாயுவுக்கு அமைத்த பர்னரில் அதை அப்படியே விட்டால் சுடர் கரியாகக் கக்கும், இல்லையென்றால் உலைச்சுவரைத் தின்னும். எல்பிஜியோடு காற்றைக் கலந்து இயற்கை எரிவாயுவின் தன்மைக்குக் கொண்டுவரும் கலப்பான் ஒன்று விற்கிறது. அதை வைத்தால் பர்னரைத் தொட வேண்டாம். விலையைக் கேட்டதும், "இதுக்கு நான் இன்னொரு உலையே கட்டிருவேன்" என்றார். கட்ட முடியாது, சும்மா ஒரு பேச்சு.

முடிவெடுப்பதற்கு முன் வேறு ஊரில் ஏற்கனவே இப்படி ஓடும் ஒரு தொழிற்சாலைக்கு அவரைக் கூட்டிப் போனேன். மே மாதம், நடுப்பகல், கத்திரி. தொட்டிக்குப் பக்கத்தில் ஆளுயரத்துக்கு மேல் அலுமினியத் தகடுகள் விரித்த குழாய்க் கூண்டு நின்றது. பம்பு இல்லை, பாய்லர் இல்லை, நெருப்பு இல்லை. உள்ளே மைனஸ் 162, வெளியே ஊர்க்காற்று. அடியிலிருந்து பாதி உயரம் வரை வெள்ளை வெளேரென்று பனி கட்டி, அதிலிருந்து புகை போலக் குளிர் தரையில் வழிந்துகொண்டிருந்தது. கப்பலில் கடல் செய்யும் வேலையை இங்கே வெயில் செய்கிறது. பக்கத்தில் அதே மாதிரி இன்னொரு கூண்டு சும்மா நின்றது. முதலாவதில் ஐஸ் அதிகமானால் இதற்கு மாற்றிவிட்டு அதை உருக விடுவார்கள்.

மச்சான் தள்ளி நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். எவ்வளவு பனி, எத்தனை மணிக்கு ஒரு முறை மாற்றுவீர்கள் என்று அங்கிருந்த ஆபரேட்டரைக் கேட்டார். பிறகு சும்மா நின்ற கூண்டின் வால்வைக் காட்டி, "இது கடைசியா எப்ப ஓடுச்சு, தம்பி?" என்றார். நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். நான் எழுதிக் கொடுத்ததை முழுக்கப் படித்திருக்கிறார்.

கலப்பானுக்கு ஆர்டர் போட்டாகிவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பட்டறையில் சாம்பிராணி போடும்போது அரை மணி நேரம் உலையை எல்பிஜிக்கு மாற்றி ஓட்டிவிட்டுத் திரும்ப மாற்றுவது என்று பேச்சு. கூடவே உதிரிப் பொருள் பட்டியல் ஒன்று வந்தது, இரண்டு பக்கம். நேற்றிரவு அதை எடுத்துக்கொண்டு போன் பண்ணினார்.

"மாப்ள, இதுல கேஸ்கட்டு செட்டு ஒண்ணுன்னு போட்டிருக்கான். ஒண்ணு போதுமா?"

"ரெண்டு வாங்குங்க மச்சான்."